ஆடி மாதம் நிழல் தெற்கே விழுகிறது! சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கால்வாய்க்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. மற்ற மூன்றையும் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். மொத்தம் 31 பிள்ளைகள். பள்ளிக்குப் பின்னால் கன்னடியன் கால்வாய்.

நேற்று நடந்ததைச் சொல்லி யோசனை கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நிழல் பாடம். கரும்பலகையில் படம் போட்டு முடித்திருக்கலாம். வெளியே கூட்டிப் போவோமே என்று ஆசைப்பட்டு, ஒரு மீட்டர் மர ஸ்கேலை மைதானத்தில் நட்டு வைத்தேன். சாயாமல் இருக்க நூலில் கல் கட்டித் தூக்குக்குண்டு மாதிரிப் பிடித்துப் பார்த்துத்தான் நட்டோம். "மத்தியானம் 12 மணிக்கு நிழல் ரொம்பக் குட்டையா இருக்கும், வடக்க பாத்து விழும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பயிற்சிக் காலத்தில் எங்கேயோ படித்து மனதில் தங்கியது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், சூரியன் நமக்குத் தெற்கே, ஆகவே நிழல் வடக்கே. கேட்டால் சரியாகத்தானே இருக்கிறது?

12 மணிக்கு அளந்தோம். 24 செ.மீ. ஆனால் நிழல் சத்துணவுக் கூடத்தைப் பார்த்து விழுந்து கிடந்தது. சத்துணவுக் கூடம் எங்கள் மைதானத்துக்குத் தெற்கே. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், நெழலு தெக்கல்லா கெடக்கு" என்றான். "ஏல, நல்லா பாரு" என்றேன். குச்சியைச் சுற்றி வந்தான், கோயில் கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்தான், "தெக்கதான் டீச்சர். கொஞ்சம் மேக்க சாஞ்சி" என்றான். அதோடு விட்டானா? 12.25-க்கு இன்னொரு முறை அளந்து, "இப்ப 22 தான் இருக்கு. 12 மணிக்குத்தான் குட்டைன்னு சொன்னீங்க?" என்றான்.

ஸ்கேல் சாய்ந்திருக்கும் என்று சொல்லி எல்லோரையும் உள்ளே கூட்டிப் போய்விட்டேன். ஸ்கேல் சாயவில்லை. எனக்கே தெரியும். ராத்திரி நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இரண்டு கேள்விகள். ஒன்று, நடந்தது என்ன? இரண்டாவது, இதைவிடப் பெரியது: வகுப்பில் நாம் சொன்னது ஒன்று, பிள்ளை கண்ணால் பார்த்தது வேறொன்று என்றால் என்ன செய்வீர்கள்?

நிழற்கடிகாரம்

டீச்சர், பையன் சொன்னது சரி. ஸ்கேலும் சரி.

நம் ஊர் கிட்டத்தட்ட 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியனோ ஜூன் 21 வாக்கில் 23.4 பாகை வரை வடக்கே போய்த் திரும்புகிறது. அப்படியென்றால் நம் தலையைத் தாண்டித்தானே போக வேண்டும்? ஏப்ரல் 12-ஐ ஒட்டித் தாண்டுகிறது, ஆகஸ்ட் 30-ஐ ஒட்டித் திரும்ப வருகிறது. இடையில் நாலரை மாதம் நமக்கு உச்சிவேளை நிழல் தெற்கேதான். நீங்கள் படித்த விதி தில்லிக்காரர்களுக்கு வருடம் பூராவும் பொருந்தும். அங்கே சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு வராது.

உங்கள் ஒரு மீட்டர் குச்சிக்கு ஜூன் 21 அன்று சுமார் 26 செ.மீ. தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று சுமார் 63 செ.மீ. வடக்கே.

அடுத்தது மணி. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் 77.6-இல் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆக நமக்கு உச்சிவேளை 20 நிமிடம் பிந்தி வரும். ஜூலையில் அதற்கு மேல் ஆறு நிமிடம் தள்ளும், பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்வாகவும் இருப்பதால். எனவே இப்போது உங்கள் ஊரில் 12.26. நவம்பர் தொடக்கத்தில் 12.03-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.34 ஆகிவிடும். பையன் 12.25-க்கு அளந்தான் பாருங்கள், அவனுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் என் கணக்கில்.

தேரிக்காட்டான்

இதை எங்க ஆச்சியிடம் கேட்டிருந்தால் அட்சரேகை இல்லாமலே சொல்லியிருப்பாள். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. ஆனி, ஆடியில் திண்ணையில் வெயில் ஏறும், கயிற்றுக் கட்டிலை உள்ளே இழுத்துப் போடுவோம். மார்கழியில் அதே திண்ணையில் ஒரு பொட்டு வெயில் கிடையாது, ஈரத்துணி காயாது. "சூரியன் வடக்க போயிருக்கான், வந்துருவான்" என்பாள், பக்கத்து ஊருக்குப் போன மகனைச் சொல்கிற மாதிரி.

பழைய ஹெட்மாஸ்டர்

நிழற்கடிகாரம் தம்பி சொன்னது அத்தனையும் சரி. அத்தனையையும் திங்கட்கிழமை வகுப்பில் போய்ச் சொன்னீர்களானால் பாடம் அன்றோடு செத்தது.

நான் 34 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன். கடைசிப் பன்னிரண்டு வருடம் ஆழ்வார்குறிச்சி பக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் என் பதில், டீச்சர். திங்கட்கிழமை போனதும் அந்தப் பையனை எழுப்பி, "நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, ஸ்கேல் சாயல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார்கள். அதை மட்டும் சொல்லாதீர்கள். "தெரியல, பாப்போம்" போதும்.

பிறகு அதே இடத்தில், அதே உயரத்தில் குச்சி நிற்கட்டும். வெள்ளிக்கிழமை தோறும் 12 மணியிலிருந்து 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழல் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். குட்டையான நிழலின் நுனியில் ஒரு சோடா மூடியைக் கவிழ்த்து ஆணி அடித்துவிடுங்கள். கூழாங்கல் வைத்தால் மறுநாள் அது பாண்டி விளையாடப் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று, இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். அளப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் "இந்த வாரம் நுனி இங்கே வரும்" என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தன் பெயரின் முதலெழுத்தை எழுத வேண்டும். கோடு போட்ட பிள்ளைக்கு அந்த நிழல் சொந்தமாகிவிடும். பந்தயம் கட்டினவன் சேவற்சண்டை பார்ப்பதற்கும் சும்மா போனவன் பார்ப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? (உவமை பள்ளிக்கூடத்துக்கு ஆகாது, மன்னிக்கவும்.)

2007, 2008-இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறையில் கட்டிய கம்பிப் பந்தல் உங்கள் பள்ளியில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் வாராவாரம் அளவை ஒரு அட்டையில் எழுதி அதில் தொங்கவிடுங்கள். எங்கள் பள்ளியில் கடைசியில் அதில் ஒட்டடைதான் தொங்கியது.

ஒன்றிய ஆசிரியன்

படிக்க நன்றாக இருக்கிறது சார். கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் கரிசல் காட்டுப் பள்ளி ஒன்றில் இருக்கிறேன், எதார்த்தத்தைச் சொல்கிறேன்.

காலையில் போனதும் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு. அதில் சிக்னல் வரவில்லை என்றால் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். பிறகு காலை உணவு, அது முடிந்து தட்டுக் கழுவி உட்காரும்போது மணி ஆகிவிடும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்று வரை வந்தது, அடுத்த வருடம் நாலுக்கும் ஐந்துக்கும் வந்தது. கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தால், என் ஐந்தாம் வகுப்பில் பதினாலு பேரில் நாலு பேர் இன்னும் அரும்பு. கூட்டெழுத்து வந்தால் நின்றுவிடுகிற பிள்ளைக்கு நிழல் எந்தப் பக்கம் விழுந்தால் என்ன? முதலில் எழுத்து, அப்புறம் கணக்கு, அப்புறம்தான் மற்றது. பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) பயிற்சிக்குப் போனால் அங்கேயும் இதைத்தான் கேட்கிறார்கள்.

சென்னையில் ஒரு நெல்லை

ஒன்றிய ஆசிரியன் சொல்வதை வழிமொழிகிறேன். நாங்கள் படித்தபோது குச்சியும் இல்லை, சோடா மூடியும் இல்லை. "நீரின் மூன்று நிலைகள் யாவை" என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். எங்கள் வகுப்பில் இருந்து மூன்று பேர் எஞ்சினியர். எல்லாம் மனப்பாடம்தான். இப்போது விளையாட்டு விளையாட்டு என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் நிற்பதில்லை.

பழைய ஹெட்மாஸ்டர்

மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை, தம்பி. வாய்ப்பாடு மனப்பாடமாக இருந்தே ஆக வேண்டும். மூன்று பேர் எஞ்சினியர் ஆனார்கள் என்றீர்கள், சந்தோஷம். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர்?

சென்னையில் ஒரு நெல்லை

42. சரி, சரி. புரிகிறது ஐயா.

கால்வாய்க்கரை டீச்சர்

ஒன்றிய ஆசிரியன் சார், உங்கள் நிலைமைதான் எனக்கும். ஆனால் ஒன்று கவனித்தேன். திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் ஐயா சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். (சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை, காலரைச் சரிசெய்துகொண்டான்.) நேற்று வெள்ளிக்கிழமை அளந்தோம். 19 செ.மீ. என் வகுப்பிலும் ஒரு பிள்ளை, அரும்பு நிலையில் இருக்கிறவள், பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள். அவள் நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"குச்சி நெழல் 19. போன வெள்ளி 22. மூணு கொறஞ்சிருச்சு. நான் 20னு கோடு போட்டேன். சூரியன் இங்க வருது."

பிழை இருக்கிறது. ஆனால் ஐந்து வாக்கியம்! அவளே எழுதினாள், இரண்டு தடவை வாசித்தும் காட்டினாள், ஏனென்றால் அவள் கோடு ஒரு செ.மீ.தான் தப்பியது. அன்றைக்கு எனக்குத் தனியாகத் தமிழ்ப் பாடமும் தேவைப்படவில்லை, கழித்தல் கணக்கும் தேவைப்படவில்லை. எழுத்து வந்த பிறகு அறிவியல் என்று வரிசைப்படுத்தினால், அவளுக்கு எழுத ஒன்றும் இருக்காதே சார்.

ஒன்றிய ஆசிரியன்

ம். யோசிக்கிறேன்.

பாளை அப்பா

ஆசிரியர்கள் நடுவில் ஒரு பெற்றோர் புலம்பல். என் மகள் பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பெயர் வேண்டாம். போன மாதம் அறிவியல் பிராஜெக்ட் என்று எரிமலை செய்து வரச் சொன்னார்கள். தெர்மகோல், பெயிண்ட், சமையல் சோடா, வினிகர், எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்கு மேல் ஆனது. ராத்திரி பதினோரு மணி வரை நானும் என் மனைவியும் செய்தோம். மகள் தூங்கிவிட்டாள். காலையில் எழுந்து பார்த்து, "அப்பா, இது நம்ம ஊர்ல எங்க இருக்கு?" என்று கேட்டாள். மெயின் ரோட்டில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, பதில் சொல்ல நேரமில்லை.

முந்தின பருவத்தில் சூரியக் குடும்பம். அதற்கென்றே தயாராகக் கடையில் தொங்குகிறது, வாங்கிப் பெயர் ஒட்டினால் போதும். பரிசு வாங்கியது யார் தெரியுமா? மரவேலை தெரிந்த ஒரு தாத்தா.

தேரிக்காட்டான்

பாளை அண்ணாச்சி, அடுத்த தடவை மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்கு, அழைத்து வாருங்கள். 400 ரூபாய் வேண்டாம், கெட்டுப்போன ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் ஒன்று போதும். பாலித்தீன் பையில் போட்டுச் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுகிற மண்ணைக் காந்தத்திலிருந்து பிரிக்கவே முடியாது.

என் அக்கா மகனை வைத்துச் செய்து பார்த்தேன். மூன்றாம் வகுப்பு. முதலில் எது ஒட்டும் என்று கேட்டேன். "செவப்பு மண்ணுதான், துரு மாதிரி இருக்குல்லா" என்றான். நல்ல ஊகம், ஏனென்றால் தேரி மண் சிவந்திருப்பதே மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடால்தான். காந்தத்தைப் புதைத்து எடுத்தால் சிவப்பு ஒட்டவில்லை. இடையில் மிளகுத்தூள் மாதிரி கிடக்கிற கருப்பு மணிகள்தான் கொத்தாக ஏறி வந்தன. பையைக் காந்தத்திலிருந்து உருவினால் பொலபொலவென்று உதிரும். அதை நாற்பது தடவையாவது செய்திருப்பான். வீட்டுக்கு வந்து ஆற்று மணல், செங்கல் பொடி, ஆச்சியின் விபூதித் தட்டு என்று ஒன்றையும் விடவில்லை. (கருமணல் என்றதும் வேறு பேச்சு கிளம்பும். இங்கே அது வேண்டாம்.)

ஏரல் கரை

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஆற்றில் வந்த வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் வழக்கமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. பள்ளி திறந்த பிறகு ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், மழைய எப்படி ஸ்கேல வச்சி அளப்பாவ? அது தண்ணில்லா, லிட்டர்லதான அளக்கணும்?"

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த ஐப்பசி வரை வைத்திருந்து, ஒருநாள் வானம் இருட்டியதும் பிள்ளைகளிடம் கையில் கிடைத்ததை வெளியே வைக்கச் சொன்னேன். ஒரு சதுர டிபன் பாக்ஸ், ஒரு தூக்குவாளி, சத்துணவு அண்டா, ஒரு குடம். எதில் தண்ணீர் மட்டம் கூடுதலாக இருக்கும் என்று கேட்டேன். எல்லோரும் அண்டா என்றார்கள், ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸ், "சின்னதுல்லா, சீக்கிரம் நெறஞ்சிரும்" என்று.

மழை விட்டதும் ஓடினார்கள். அண்டாவில் கையைவிட்டு, "எம்புட்டு தண்ணி!" என்றார்கள். ஸ்கேல் வைத்தால் இரண்டரை செ.மீ. தூக்குவாளி, இரண்டரை. டிபன் பாக்ஸ், இரண்டரை. நம்பவில்லை. ஸ்கேலை மாற்றி அளந்தார்கள், விரக்கடை வைத்துப் பார்த்தார்கள், டிபன் பாக்ஸ்காரி தன் பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தாள். குடத்தில் மட்டும் வேறு அளவு, ஒரு செ.மீ. கூட இல்லை. ஏன் குடம் ஏமாற்றுகிறது என்று அரைமணி நேரம் சண்டை. வாய் சின்னது, வயிறு பெரியது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். "அப்ப நேராக் கெடக்க ஏனமா இருந்தா எது வச்சாலும் ஒண்ணுதான்" என்றான் ஒருவன். மழைமானி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் எழுதினேன், அதற்கு முன்னால் அல்ல.

பிறகு சுவரில் 95 செ.மீ. உயரத்தில் கோடு போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தினால் கழுத்துக்கு வந்தது. "ஊர் பூரா இம்புட்டு ஒசரத்துக்கா?" என்று வாய் பிளந்தார்கள். ஒரு பையன் மட்டும், "எங்க வீட்டுல மோட்டு ஓடு வரைக்கும் வந்துச்சே டீச்சர்" என்றான். அது பெய்த மழை அல்ல, வேறெங்கோ பெய்து ஆற்றோடு வந்த தண்ணீர் என்று சொல்லலாம், சொல்ல வேண்டிய இடம்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வாரம் அவனே வந்து கேட்டான், அப்போது மேட்டில் மண்ணைக் குவித்து வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்.

நிழற்கடிகாரம்

எங்கேயோ உயரத்தில் நிற்கிறீர்கள், ஏரல் டீச்சர். அண்டாவும் டிபன் பாக்ஸும் ஒரே மட்டம் என்பதை நான் கல்லூரியில் சொல்லும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். நம்பித் தலையாட்டுகிறார்களா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உப்பளத்து மருமகள்

சொல்லைப் பிறகு கொடுப்பது பற்றி ஒரு விஷயம். நான் ஆசிரியை இல்லை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். பிறந்தது அம்பாசமுத்திரம், வாக்கப்பட்டது தூத்துக்குடி.

"ஆவியாதல் என்றால் என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் புத்தக வரியை ஒப்பிப்பார்கள். அப்புறம் சாதாரணமாகப் பேசிப் பார்த்தேன். கிணறு என்றால் "வத்துது". துணி என்றால் "காயுது". ரசம் என்றால் "சுண்டுது". மூன்றும் மூன்று விஷயம் அவர்களுக்கு. குளம் வற்றுவது தண்ணீர் மண்ணுக்குள் போவதால் என்றார்கள், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. துணி காய்வதற்கு வெயில்தான் காரணம் என்றார்கள். ராத்திரி கொடியில் போட்ட துணி காலையில் காய்ந்திருக்கிறதே என்றால் பதில் இல்லை.

உப்பளத்து வீட்டுப் பிள்ளை ஒன்று சொன்னதுதான் எனக்குத் திறப்பு. "காத்து அடிச்சாதான் உப்பு வெளையும். வெயிலு மட்டும் இருந்தா எங்க அப்பா சும்மா உக்காந்துருப்பாவ." பாத்தியில் தண்ணீர் போன இடத்தில் உப்பு மிஞ்சிக் கிடப்பதை அது தினமும் பார்க்கிறது. தண்ணீர் மட்டும் எங்கேயோ போகிறது, உப்பு போகவில்லை. அந்த "எங்கேயோ" என்பதைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஈரச் சிலேட்டு வைத்தோம், ஒன்றுக்கு விசிறி வீசி, ஒன்றுக்கு வீசாமல். இரண்டும் நிழலில்தான். வீசியது முதலில் காய்ந்தது. "அப்ப வத்துறதும் காயுறதும் ஒண்ணா அக்கா?" என்றார்கள். அதன் பிறகு ஆவியாதல் என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

பாளை அப்பா

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறதே, 1987-இலிருந்து. அங்கே கூட்டிப் போனால் போதாதா? போன தடவை போனபோது மகள் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டு பத்து நிமிடத்தில் வெளியே ஐஸ் கேட்டாள்.

பழைய ஹெட்மாஸ்டர்

நல்ல இடம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி எல்லாவற்றையும் இலையில் வாங்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், இரண்டு காட்சிப் பொருளோடு திரும்பி வாருங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனாலும் அப்படித்தான். அங்கே வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும். ஒரு கூட்டை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். தாய் எத்தனை முறை வந்தது, குஞ்சு எப்படிக் கத்தியது. ஐஸ் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை.

ஆற்றுக்கு, வாய்க்காலுக்கு மட்டும் வகுப்பைக் கூட்டிப் போக வேண்டாம். தண்ணீர் பாடத்தை வாளியிலேயே நடத்தலாம்.

கால்வாய்க்கரை டீச்சர்

இழையைத் தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. கம்பிப் பந்தலில் தொங்குகிற அட்டைகளில் உள்ளது இது: 22, 19, 16, 13, 9, 5, 1. ஒன்பது வந்தது ஆகஸ்ட் 15. கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக் காலையிலேயே அனுப்பிவிட்டோம். அன்று மத்தியானம் இரண்டு பேர் தாங்களாகவே சுவர் ஏறிக் குதித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திட்டுவதா, பாராட்டுவதா தெரியவில்லை. கேட்டை இனி வெள்ளிக்கிழமை விடுமுறையானாலும் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை ஒன்று. இன்று சனிக்கிழமை, ஆகஸ்ட் 30. பள்ளி இல்லை. நான் போனபோது ஏழு பேர் நின்றார்கள். மலைப் பக்கமிருந்து மேகம். 12.10-க்கு வெயிலே இல்லை. "போச்சு" என்றாள் ஒருத்தி. 12.18-க்கு மேகம் விலகியது. ஸ்கேலுக்கு நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அடியில் ஒரு கருப்புக் கீற்று, அது ஸ்கேலின் தடிமன். அந்தப் பையன் ஸ்கேலைப் பார்க்கவில்லை. தள்ளி நின்று தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், எம் நெழலு என் காலுக்குள்ள போயிட்டு" என்றான். பிறகு ஏழு பேரும் குதித்துப் பார்த்தார்கள், குதிக்கும்போது நிழல் காலை விட்டுப் பிரிகிறதா என்று.

திங்கட்கிழமை எந்தப் பக்கம் விழும் என்று கோடு போடச் சொன்னேன். ஐந்து பேர் வடக்கே. இரண்டு பேர் திரும்பவும் தெற்கே, "இம்புட்டு நாளா அங்கதான கெடந்துச்சு" என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றிய ஆசிரியன்

சொல்லாமல் இருந்தேன். நாங்களும் மூன்று வாரமாக ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை மட்டும், பத்து நிமிடம், எமிஸ் முடிந்த பிறகு. உங்கள் கணக்குத்தான் எனக்கு இடிக்கிறது டீச்சர். எங்கள் பிள்ளைகளுக்கு நேற்றே நிழல் இல்லை. 12.21-க்கு. நீங்கள் நேற்று ஒரு செ.மீ. என்கிறீர்கள். யார் குச்சி சாய்ந்திருக்கிறது?

கால்வாய்க்கரை டீச்சர்

எங்கள் குச்சி சாயவில்லை சார், இன்னொரு முறை அதைச் சொல்ல மாட்டேன்! உங்கள் பள்ளி எந்த ஊர்?

ஒன்றிய ஆசிரியன்

சங்கரன்கோவில் பக்கம்.

நிழற்கடிகாரம்

ஐயோ, எனக்குச் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது.

பழைய ஹெட்மாஸ்டர்

தம்பி, வாயை மூடிக்கொண்டு இரும். டீச்சர், உங்கள் ஏழு பேரின் அட்டையையும் சார் பிள்ளைகளின் அட்டையையும் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிவையுங்கள். கூட ஒரு தமிழ்நாட்டு வரைபடம்.